ஏழாம் அத்தியாயம்: கருக்கலில் பறவை பார்ப்பது

பழவேற்காட்டுக்கு வருகிறவர்களில் பலர் காலை எட்டு மணிக்குக் கரையில் வந்து நிற்கிறார்கள். அதற்குள் ஏரியின் முக்கியமான போக்குவரத்து முடிந்திருக்கும். இரவெல்லாம் இரை தேடிய ஊசிவால் வாத்துகள் நடு ஏரிக்குப் போய் ஒடுங்கியிருக்கும். வக்கா கூட்டம் மரத்துக்குத் திரும்பியிருக்கும். கூழைக்கடாக்கள் முதல் சுற்று மீனை விழுங்கிவிட்டு மணல்திட்டில் நிற்கும். பூநாரைகள் இரவிலும் மேய்பவை என்பதால் அவை இடம் மாறுவதும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும்தான். ஆகவே இந்த ஏரியைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் போதாத நேரத்தில் பார்க்கப் பழக வேண்டும். அதற்கான அத்தியாயம் இது.

நேரத்திலிருந்து தொடங்குவோம். பழவேற்காடு ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. வட ஐரோப்பாவில்போல் அந்தி இங்கே நீளாது. சூரியன் எழுவதற்குச் சுமார் 22 நிமிடம் முன்னால் ஆள் முகம் தெரியத் தொடங்கும். சுமார் 47 நிமிடம் முன்னால் நீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு பிரியும். பொங்கலை ஒட்டிய நாட்களில் சூரிய உதயம் 6.35 வாக்கில், அஸ்தமனம் 6 மணி வாக்கில். அப்படியானால் 5.45க்குக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் வந்து இறங்கும் நேரமாக அல்ல, கண் இருட்டுக்குப் பழகி முடிக்கும் நேரமாக. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

துளை பெரிதா சிறிதா

மங்கிய வெளிச்சத்தில் ஒரு கருவி வழியே பார்ப்பதன் சிக்கலை விரிவாக யோசித்தவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. அவர்கள் கண்டுகொண்ட விஷயம் இன்று நமக்கு நேரடியாகப் பயன்படுவதால் அதைச் சற்று விளக்க வேண்டும்.

ரைஃபிளின் பின்பகுதியில், சுடுபவரின் கண்ணுக்கு அருகில், சிறு துளை போட்ட ஒரு தகடு பொருத்துவார்கள். பீப் சைட் என்று அதற்குப் பெயர். அந்தத் துளை வழியாகத்தான் குழலின் நுனியிலுள்ள முன்குறியையும் அதற்கு அப்பாலுள்ள இலக்கையும் பார்க்க வேண்டும். சிறு துளை வழியே வரும் ஒளிக்கற்றை மெலிந்து வருவதால், பக்கத்திலிருக்கும் முன்குறியும் தொலைவிலிருக்கும் இலக்கும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். வயதால் கிட்டப் பார்வை தளர்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. மூக்குக்கண்ணாடி இல்லாமல் பேருந்துப் பலகையைப் படிக்கக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்கி ஊசித்துளைபோல் வைத்துப் பார்த்தால் எழுத்து தெளிவதும் இதே காரணத்தால்தான். பகலில் செய்து பாருங்கள். பிறகு அந்தியில் செய்து பாருங்கள். அந்தியில் எழுத்து தெளியாது, பலகையே இருண்டுவிடும்.

பீப் சைட்டிலும் அதேதான். பகலில் கூர்மை தரும் துளை, கருக்கலில் ஒளியை அடைத்துவிடும். இதற்கு வேட்டைக்காரர்கள் கண்ட வழி, துளைத் தகட்டைத் திருகிக் கழற்றிவிட்டு வெளி வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பது. வளையம் அகலமானது. ஒளி தாராளமாக வரும். கண் தானாகவே வளையத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும். கூர்மை கொஞ்சம் குறையும். ஆனால் இலக்கு தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் எடுத்துச் சென்ற லீ-என்ஃபீல்டு 4ஆம் எண் ரைஃபிளில் அண்மைக்கு ஒரு பெரிய துளை, தொலைவுக்கு ஒரு சிறிய துளை என இரண்டு வைத்திருந்தார்கள். முன்குறியில் வெள்ளை அல்லது தந்த நிற மணி பதிப்பதும் மங்கலில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதற்காகத்தான்.

பழவேற்காட்டில் இந்த அறிவை வேட்டைக்குப் பயன்படுத்த இடமில்லை. நீர்ப்பறவை வேட்டைக்குப் பொதுவாக ரைஃபிள் பயன்பட்டதில்லை. வாத்துக்கும் உள்ளானுக்கும் சிதறுகுண்டுத் துப்பாக்கிதான். அதையும் தமிழ் ஊர்கள் வெகு காலம் முன்பே எதிர்த்திருக்கின்றன. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மேல் ஊரார் புகார் சொல்ல, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களின் பாதுகாப்பு உரிமையை ஏற்று எழுதிக்கொடுத்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் மிச்சமிருந்த உரிம வேட்டையையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாயின. பீப் சைட் இன்று நம் நாட்டில் இருக்க வேண்டிய இடம், விளக்கு போட்ட துப்பாக்கிச் சுடும் விளையாட்டு அரங்கம். கருக்கலில் இந்த ஏரிக்கரைக்கு வருகிறவர் கையில் இருக்க வேண்டியது பைனாகுலர்.

அந்தப் பைனாகுலருக்கும் ஒரு துளை உண்டு. அதைத்தான் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் பைனாகுலரின் ஒளிவட்டம்

பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள். கண் வைக்கும் கண்ணாடிக்குள் ஒரு சிறு வெள்ளை வட்டம் தெரியும். கருவி சேர்த்த ஒளி முழுவதும் அந்த வட்டம் வழியேதான் கண்ணுக்குள் போகிறது. அதன் அகலத்தைக் கணக்கிடுவது எளிது: முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்க எண்ணால் வகுக்க வேண்டும். 8x42 என்று எழுதியிருந்தால் 42ஐ 8ஆல் வகுக்க, 5.25 மில்லிமீட்டர். 10x42 என்றால் 4.2. சட்டைப்பையில் போடக்கூடிய 8x25 என்றால் 3.1 மட்டுமே.

இதைக் கண்ணின் பாவையோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெயிலில் பாவை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கியிருக்கும். அப்போது 8x25 போதும். அதற்கு மேல் வரும் ஒளி பாவைக்குள் நுழையாது. கருக்கலில் இளைஞரின் பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பது, அறுபது வயதில் பலருக்கு 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் 8x25 வழியே பார்ப்பவர், பீப் சைட்டின் சிறு துளை வழியே பார்க்கும் வேட்டைக்காரர் நிலையில்தான் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது, கருவி அடைத்துக்கொண்டிருக்கிறது.

என் பரிந்துரை 8x42. பத்து மடங்கு பெருக்குமே என்று 10x42 வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். நடுப்பகலில் தொலைவிலுள்ள உள்ளான் கூட்டத்தைப் பிரித்தறிய அது உதவும், உண்மைதான். ஆனால் கருக்கலில் ஒளியும் குறையும், பார்வைப் பரப்பும் குறையும், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். மூன்று இழப்புக்கு ஒரு லாபம். கடல்வழிக் கப்பல்களில் வைத்திருக்கும் 7x50 வகையின் ஒளிவட்டம் 7.1 மில்லிமீட்டர். ஐம்பது வயதுக்காரருக்கு அதில் பாதி ஒளி வீணாகும் என்றாலும், ஆடும் படகில் கண்ணை நடுவில் வைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை என்பதால் அதற்கும் ஒரு பயன் உண்டு. எடையைச் சுமக்கத் தயாராக இருந்தால் வாங்கலாம்.

சில விளம்பரங்களில் அந்தி எண் என்று ஒன்றைப் பெரிதாகப் போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் முன் கண்ணாடி விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வரும். 8x42க்குச் சுமார் 18.3, 10x42க்குச் சுமார் 20.5. பின்னதுதான் அந்திக்கு மேல் என்று இந்த எண் சொல்லும். கண்ணாடியின் தரத்தையும் பார்ப்பவரின் பாவையையும் அது கணக்கில் எடுக்கவே இல்லை. அதை நம்பி வாங்காதீர்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மேலே சொன்னபடி தள்ளிப் பிடித்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக, ஓரம்வரை சீரான வெளிச்சத்தோடு இருந்தால் உள்ளே நல்ல பட்டகம் போட்டிருக்கிறார்கள். ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போல் தெரிந்தால் மலிவான பட்டகம். கருக்கலில் ஓரம் இருண்டுதான் தெரியும். கண்ணாடிப் பரப்பில் பச்சையோ ஊதாவோ மெல்லிய பளபளப்பு தெரிந்தால் மேற்பூச்சு இருக்கிறது என்று பொருள். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அப்படிப் பல பரப்புகள் உண்டு.

முக்காலி மேல் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் இதே கணக்கு. 20-60x80 என்றால், 20 மடங்கில் வைக்கும்போது 4 மில்லிமீட்டர் ஒளிவட்டம். 60 மடங்குக்குத் திருப்பினால் 1.3 மில்லிமீட்டர். விடியலில் 60க்குத் திருப்பிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 20இலேயே வைத்துத் தொடங்குங்கள். வெளிச்சம் ஏற ஏறக் கூட்டுங்கள்.

கண்ணைப் பழக்குதல்

நம் விழித்திரையில் இரண்டு வகை உணரிகள். நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்புகள் பகலுக்கு; மங்கலில் வேலை செய்யும் கோல்கள் இரவுக்கு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கோல்கள் விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையை முகத்துக்கு நேரே பிடித்தால் அந்த அரைமணி நேர வேலை போயிற்று. குறிப்பெழுத விளக்கு வேண்டுமென்றால் மங்கிய சிவப்பு விளக்கு. கோல்கள் அடர் சிவப்பை ஏறக்குறைய உணர்வதில்லை. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பாகச் சுற்றினால் போதும்.

பார்வையின் நடுப்புள்ளியில் கோல்கள் இல்லை. ஆகவே இருட்டில் ஒரு பறவையை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுப் பக்கத்தில் பார்த்தால் மீண்டும் தெரியும். பைனாகுலருக்குள்ளும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பறவையை வட்டத்தின் நடுவில் நிறுத்தி, கண்ணை ஓரம் நோக்கி மெல்ல நகர்த்துங்கள். அசைவு உடனே பிடிபடும். இது முதல் நாளில் வராது; பழகினால் வரும்.

கருக்கலில் பலருக்குக் கண் கொஞ்சம் கிட்டப்பார்வைப் பக்கம் நகரும். பகலில் சரியாக வைத்த கூர்மை அப்போது கலங்கித் தெரிந்தால் கருவியில் பழுதில்லை. திருகைச் சிறிது திருப்பினால் சரியாகும். இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையத்தை மட்டும் முந்தைய நாள் பகலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். அந்தியில் மற்றவர்களுக்குத் தெரிவது உங்களுக்கு மட்டும் தெரியவேயில்லை என்றால் பைனாகுலர் மாற்றுவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். மாலைக்கண்ணுக்கும் கண்புரைக்கும் மருத்துவம் இருக்கிறது.

நிறத்தை நம்பாதீர்கள்

மங்கலில் முதலில் இறப்பது சிவப்பு. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னார்; அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. பழவேற்காட்டில் இதன் விளைவு பெரிது. பூநாரையின் இளஞ்சிவப்பைத் தேடி வருகிறவருக்கு விடியலுக்கு முன் சாம்பல் நிறக் கால்கள்தான் தெரியும். ஆகவே வடிவத்தாலும் நடையாலும் குரலாலும் அடையாளம் காண வேண்டும்.

பறக்கும்போது பூநாரை கழுத்தையும் காலையும் ஒரே கோடாக நீட்டிக்கொள்ளும். சாம்பல் நாரையும் கொக்குகளும் கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைக்குத்தி நாரையும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும். ஆனால் அவற்றின் சிறகு அகன்று, அலகு தடித்திருக்கும்; பூநாரையின் சிறகு ஒடுக்கம், அலகு நடுவில் முறிந்ததுபோல் வளைந்தது. கூழைக்கடாவை யாரும் தவறவிட முடியாது: பெரிய உடல், உள்ளிழுத்த கழுத்து, வரிசையாகச் சில அடிப்பும் பிறகு மிதப்பும். மேயும்போது பூநாரை தலையைத் தலைகீழாக நீருக்குள் வைத்து நடக்கும். அந்த நடை ஒன்றே போதும். நெட்டைக்கால் உள்ளானின் கால் உடலுக்குப் பொருந்தாத நீளம். கோட்டானின் கீழ்நோக்கி வளைந்த அலகு, வெளிறிய நீர்ப்பின்னணியில் கோடு கிழித்ததுபோல் தெரியும்.

குரலைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. இங்கே இரண்டு மட்டும். அந்தியில் தலைக்கு மேல் ஒற்றையாக, கரகரத்த "குவாக்" கேட்டால் அது வக்கா. இருட்டில் தொலைவில் வாத்து அடைத்த தொழுவத்தின் இரைச்சல்போல் கேட்டால் பூநாரைக் கூட்டம் நகர்கிறது.

எந்தக் கரையில் எப்போது

ஏரி தெற்கு வடக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக் கடலைத் தடுத்து நிற்கிறது. சூரியன் உதிக்கும் முன்னும் உதித்த பின்னும் நிற்க வேண்டிய திசை வேறு வேறு.

உதயத்துக்கு முன் கிழக்கு நோக்கிப் பாருங்கள். வெளுக்கும் வானமும் அதைப் பிரதிபலிக்கும் நீரும் பின்னணியாகி, பறவை கரிய உருவமாக நிற்கும். வடிவம் காண இதைவிட நல்ல நேரம் இல்லை. அண்ணாமலைச்சேரி போன்ற மேற்குக் கரை ஊர்கள் இதற்குப் பொருத்தம். சூரியன் மேலே வந்ததும் அந்தக் கரை கண்ணைக் கூசவைக்கும். அப்போது பாலம் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போய், கடலுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பாருங்கள். நிறம் அங்கே கிடைக்கும். மாலையில் இதைத் திருப்பிப் போட வேண்டும்: நான்கு மணிக்கு அண்ணாமலைச்சேரி, அஸ்தமனத்துக்குப் பின் கிழக்குப் பக்கம். ஆந்திரப் பகுதியில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் கிழக்கு மேற்காகக் கடக்கிறது. அங்கே வடக்கிலோ தெற்கிலோ பார்ப்பதால் காலையும் மாலையும் பக்கவாட்டு ஒளி. படம் எடுப்பவர்களுக்கு நல்லது.

மார்கழி, தை மாதங்களில் மூடுபனி இறங்கும். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த கண்ணாடி கரைக்காற்றில் உடனே வியர்க்கும். வந்து இறங்கியதும் பைனாகுலரை உறையோடு வெளியே வைத்து, கால் மணி நேரம் கழித்து எடுங்கள். வாடைக்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து பூசும். உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். உப்புப் படிகம் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணி. அந்தியில் பூச்சு கீறிய கண்ணாடி படலம் போர்த்ததுபோல் காட்டும்.

ஏரி உங்களுக்கு மட்டும் அல்ல

கருக்கல்தான் மீனவர்களின் வேலை நேரமும். ஏரியில் எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்ற முறைப்படி தலைமுறைகளாக ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். நட்டு வைத்த கம்பும் கட்டிய வலையும் அந்த ஒழுங்கின் அடையாளம். முக்காலி நிறுத்த அதைத் தள்ளிவைக்கக் கூடாது. ஆழமில்லாத இடங்களில் இருளர் பெண்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கரையில் நிற்கும் பெரியவரிடம், "ஐயா, பூநாரை இன்னிக்கு எந்தப் பக்கம் மேயுது?" என்று கேட்டால் கூகுள் வரைபடம் தராத பதில் கிடைக்கும். தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா, எங்கே சேறு ஆளை இழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் கால் வைக்காதீர்கள்.

படகு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இருட்டில், உயிர்காப்பு அங்கி இல்லாமல், அனுமதியில்லாத படகில் பூநாரை பார்க்க யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே பார்க்கத்தான் இத்தனை பக்கம் கருவியைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

பறவைகள் பக்கமும் ஒரு எல்லை உண்டு. கூட்டம் முழுவதும் தலை தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டி எழுப்புவது, ஃபிளாஷ் அடிப்பது, டிரோன் விடுவது எல்லாம் அவற்றின் இரை நேரத்தைத் திருடும் செயல்கள்.

கருக்கலில் கரையில் நிற்பவர் கண்ணுக்குச் சில வேளை வேறு ஒன்றும் படலாம்: பறவைக்கு விரித்த கண்ணி, நைலான் வலையில் சிக்கிய உள்ளான், துப்பாக்கிச் சத்தம். நேரில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். இடம், நேரம், ஆட்கள் எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு அன்றே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.